நான்கு வினைச்சொற்களும் ஒரு பட்டப்படிப்பும்: இந்திய மருந்தியல் கல்வி யாரை உருவாக்கியது?

1948ஆம் ஆண்டின் ஃபார்மசிச் சட்டத்தில் 42ஆம் பிரிவு மிகச் சிறியது. மருத்துவர் எழுதிய சீட்டின்பேரில் எந்த மருந்தையும் கூட்டுதல், தயாரித்தல், கலத்தல், வழங்குதல் ஆகிய செயல்களைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறெவரும் செய்யலாகாது என்பதே அதன் சாரம். ஒரு தொழிலின் எல்லையை வரையும் சட்டம் அத்தொழிலை வினைச்சொற்களால்தான் வரைகிறது. இங்கே நான்கு வினைகள் உள்ளன. நான்குக்கும் செயப்படுபொருள் மருந்து. நோயாளி என்ற சொல் அப்பிரிவில் விலக்கு கூறும் இடத்தில்தான் வருகிறது. மருத்துவர் தம் நோயாளிகளுக்குத் தாமே மருந்து கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது அந்த விலக்கு. அங்கும் அவர் மருத்துவருடைய நோயாளியே. மருந்தாளுநருக்கென ஒரு நோயாளி அந்த வாசகத்தில் இல்லை.

மருந்தியல் பட்டப்படிப்பு மாணவரைத் தொழில்வாழ்வுக்கு எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறது என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களில் அடிக்கடி எழும் வினா. அதற்கான விடைகள் பெரும்பாலும் பாடத்திட்டம், ஆய்வகம், வேலைவாய்ப்பு என்ற வட்டத்துக்குள்ளேயே சுழல்கின்றன. எந்தத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது அதற்கு முந்திய வினா. அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 42ஆம் பிரிவின் முதல் மூன்று வினைகளும் இருபதாம் நூற்றாண்டின் போக்கில் கடையை விட்டுத் தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தன. பட்டப்படிப்பு தொடக்கத்திலிருந்தே அந்த மூன்றின் பக்கம் நின்றது. நான்காவது வினை மட்டும் கடையின் கவுண்டரில் தங்கியது. அதைப் பட்டயப்படிப்புக்குக் கையளித்துவிட்டனர். இன்று இந்தியாவில் மருந்தியல் பயிலும் மாணவர் எதிர்கொள்ளும் குழப்பத்தின் வேர் இந்தப் பிரிவினையில் இருக்கிறது.

1. கம்பவுண்டர்

ஆங்கிலேயர் ஆட்சியில் மேலை மருந்துகள் முதலில் துறைமுக நகரங்களின் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தன. கல்கத்தாவின் பாத்கேட் நிறுவனம் 1811இலும், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட் 1821இலும் தொடங்கப்பட்டவை. அரசு மருத்துவமனைகளும் நகராட்சி மருந்தகங்களும் பெருகியபோது மருத்துவரின் சீட்டைக் குடுவையில் நிரப்பித் தர ஆள் தேவைப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வங்காளத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கான பயிற்சி வகுப்புகள் தோன்றின. எனினும் நாட்டின் பெரும்பகுதியில் அந்த வேலை குருகுல முறையில், அதாவது மருத்துவரின் அறைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகுவதன் வழியே கற்கப்பட்டது.

அவ்வாறு பழகியவரே கம்பவுண்டர். 42ஆம் பிரிவின் முதல் வினையான கூட்டுதலின் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. அவர் பொடிகளை நிறுத்தார், உப்புகளைக் கரைத்தார், மிக்ஸரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்ட ஓரம் கத்தரித்த காகிதப் பட்டையைக் குப்பியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். எழுத்தறியாத நோயாளிக்கும் அந்தக் காகிதப் பட்டை புரிந்தது. அளவைச் சொல்வது அவருடைய கடமை என்று எந்த விதியும் கூறவில்லை. ஆயினும் அவருடைய கைவேலையின் ஒரு பகுதியாகவே அது அமைந்திருந்தது. தமிழில் கம்பவுண்டர் என்ற சொல், கூட்டும் தொழில் மறைந்த பின்னரும் பல பத்தாண்டுகள் பேச்சுவழக்கில் உயிரோடிருந்தது. மருந்தாளுநர் என்ற சொல் அரசாணைகள் வழியே பின்னர் வந்து சேர்ந்தது.

2. குழுவும் காசியும்

1920களில் இந்தியச் சந்தையில் தரமற்ற மருந்துகள் பெருகியிருந்தன. குறிப்பாக மலேரியாவுக்கான குயினைனின் கலப்படம் சட்டசபைகளில் விவாதப் பொருளாயிற்று. 1930இல் இந்திய அரசு லெப்டினன்ட் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஃபார்மகாலஜிப் பேராசிரியராக இருந்தவர் சோப்ரா. 1931இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை இரண்டு வழிகளைக் காட்டியது. மருந்தின் தரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது ஒன்று. மருந்தைக் கையாள்பவரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. மருத்துவத்திலிருந்து வேறுபட்ட தனித்தொழிலாக மருந்தாளுமை இந்தியாவில் உருப்பெறவே இல்லை என்பது அக்குழு கண்ட முக்கியக் குறை.

முதல் வழி 1940இன் மருந்துச் சட்டமாகவும் 1945இன் மருந்து விதிகளாகவும் கனிந்தது. இரண்டாவது வழி சட்டமாவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் பல்கலைக்கழகம் முந்திக்கொண்டது.

மகாதேவ லால் ஷ்ராஃப் 1902இல் பீகாரின் தர்பங்காவில் பிறந்து, அமெரிக்காவில் வேதியியல் பயின்று திரும்பியவர். மதன் மோகன் மாளவியாவின் ஆதரவோடு 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் இளநிலை அறிவியல் வகுப்பில் மருந்து வேதியியலை ஒரு பாடமாக அவர் புகுத்தினார். 1937இல் அது மூன்றாண்டு பி.ஃபார்ம். பட்டமாக வளர்ந்தது. 1939இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபார்மசி என்ற இதழையும் அவர் தொடங்கினார். அவருடைய பிறந்தநாளான மார்ச் 6 இன்று நாடெங்கும் மருந்தியல் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்தத் தொடக்கத்தின் பெயரிலேயே அதன் திசை தெரிகிறது. முதலில் வந்த பாடம் மருந்து வேதியியல். அக்காலத்தின் சுதேசிச் சூழலில் அது இயல்பானதே. பிரஃபுல்ல சந்திர ராயின் பெங்கால் கெமிக்கல் 1901இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகியிருந்தது. பரோடாவின் அலெம்பிக் 1907இல் தோன்றியிருந்தது. இறக்குமதி மருந்தை நம்பியிருந்த நாட்டுக்கு மருந்தைச் செய்யவும் சோதிக்கவும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். பொய்யான குயினைனைக் கண்டுபிடிக்க வேதியியல் தெரிந்தாக வேண்டும். ஆகவே பட்டப்படிப்பின் முதல் மாணவர் கற்பனையில் ஆய்வகத்தில் நின்றார், கவுண்டரில் அன்று. அந்த முடிவு தவறு என்று கூற இடமில்லை. ஆனால் அது ஒரு முடிவு என்பதும், அதற்கொரு விலை உண்டு என்பதும் பின்வந்த தலைமுறைகளின் நினைவிலிருந்து மங்கிப்போயின.

3. நாள் குறிக்கப்படாத சட்டம்

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழு, சுதந்திர இந்தியாவின் பொதுச் சுகாதாரத்துக்கு வரைபடம் இட்டது. மருந்தியலில் மூன்று படிநிலைகளை அது முன்மொழிந்தது. உரிமச் சான்று பெற்ற மருந்தாளுநர் ஒருவர். பட்டம் பெற்ற மருந்தாளுநர் ஒருவர். மருந்துத் தொழில்நுட்பர் ஒருவர். கடைக்கும் மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் வெவ்வேறு ஆயத்தம் வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. பட்டம் பெற்றவரையும் தொழில்நுட்பரையும் அக்குழு வெவ்வேறு ஆட்களாகக் கண்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஃபார்மசிச் சட்டம் அந்தத் தெளிவைத் தக்கவைக்கவில்லை. அது ஒரே பதிவேட்டை உருவாக்கியது. குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்கும் பொறுப்பை இந்திய ஃபார்மசி கவுன்சிலிடம் ஒப்படைத்தது. கவுன்சிலின் முதல் கல்வி விதிமுறை 1953இல் வந்தது. காலப்போக்கில் இரண்டாண்டுப் பட்டயமான டி.ஃபார்ம். பதிவுக்குரிய அடிப்படைத் தகுதியாக நிலைபெற்றது. பட்டம் பெற்றவரும் அதே பதிவேட்டில் அதே பெயரோடு இடம்பெறலாம். சட்டத்தின் முன் இருவருக்கும் வேறுபாடில்லை. முதல் பதிவேட்டைத் தொகுக்கும்போது, ஐந்தாண்டுகள் மருந்து கூட்டிப் பழகிய கம்பவுண்டர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. வேறு வழியும் இருக்கவில்லை. அவர்களை விலக்கினால் மருந்தகங்களில் ஆளே இருந்திருக்காது.

இதைவிட வியப்பளிப்பது வேறொன்று. 42ஆம் பிரிவு தானாக நடைமுறைக்கு வரவில்லை. ஒவ்வொரு மாநில அரசும் ஒரு நாளைக் குறித்து அறிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறியது. நாளைக் குறிக்காத மாநிலங்களில் பிரிவு உறங்கியது. 1976இன் திருத்தச் சட்டம் ஒரு காலக்கெடுவைக் கொண்டுவந்தது. பின்னர் அக்கெடுவும் நீட்டிக்கப்பட்டு எட்டாண்டுகளாயிற்று. அதன்படி, எந்த அறிவிப்பும் வெளியிடாத மாநிலத்தில் அந்தத் தடை 1984இல்தான் தானாக உயிர்பெற்றது. சட்டம் பிறந்து 36 ஆண்டுகள் கழித்து. ஒரு தலைமுறை மருந்தாளுநர்கள், தங்கள் தொழிலைக் காக்கும் பிரிவு தங்கள் மாநிலத்தில் நடைமுறையில் உள்ளதா என்பது உறுதியில்லாத நிலையிலேயே பணியாற்றினர். கவுண்டரின் மதிப்பு ஏன் உயரவில்லை என்பதை ஆராய்பவர்கள் இந்த 36 ஆண்டுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

4. வினைகள் இடம்பெயர்தல்

அந்த இடைக்காலத்தில் மருந்தின் உருவமே மாறியது. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தோன்றியது; 1961இல் ஐ.டி.பி.எல். நிறுவப்பட்டது. 1970இன் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்தது. ஒரே மருந்தை வேறொரு வழியில் செய்யக்கூடிய வேதியியலர்களுக்கு அது வாசலைத் திறந்தது. 2005 வரை நீடித்த அந்த ஏற்பாட்டின் நிழலில்தான் இந்தியாவின் பொதுப்பெயர் மருந்துத் தொழில் உலகச் சந்தைக்கு வளர்ந்தது. பி.ஃபார்ம். படித்தவர்கள் உற்பத்தியிலும், தரக் கட்டுப்பாட்டிலும், மருந்துப் பிரதிநிதிகளாகவும் அத்தொழிலில் இடம்பிடித்தனர். மருந்தியல் பட்டப்படிப்பின் உண்மையான சாதனை இது. அதை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவர்.

ஆனால் அதே வளர்ச்சி கடையின் வேலையை வெறுமையாக்கியது. மாத்திரை அட்டையிலும் உறையிட்ட குப்பியிலும் வந்து சேரும் மருந்தைக் கூட்டவோ கலக்கவோ தேவையில்லை. எஞ்சியது வழங்குதல். வழங்குதல் என்பது அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுவது என்று சுருங்கியபோது, அதற்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணமும் பரவியது. சீட்டுமருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமோ, தம் நேரடி மேற்பார்வையிலோ வழங்க வேண்டும் என்று மருந்து விதிகளின் 65ஆம் விதி கூறுகிறது. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, சான்றிதழுக்கு உரியவர் வேறோரிடத்தில் இருப்பது நாடறிந்த வழக்கமாயிற்று.

1987இல் வந்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் சட்டம் இந்தத் திசையை முத்திரையிட்டது. தொழில்நுட்பக் கல்வி என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில் பொறியியல், கட்டடக் கலை, நகரமைப்பு, மேலாண்மை ஆகியவற்றோடு மருந்தியலும் இடம்பெற்றது. மருத்துவமும் செவிலியமும் அந்தப் பட்டியலில் இல்லை. மருந்தியல் கல்லூரிகள் பொறியியல் கல்லூரிகளின் அளவுகோல்களால் அளக்கப்பட்டன. பல வளாகங்களில் பொறியியல் கல்லூரிக்கு அடுத்த கட்டடமாகவே எழுந்தன. இரு கவுன்சில்களுக்கு இடையிலான அதிகாரப் பூசலுக்கு 2020 மார்ச் 5இல்தான் உச்ச நீதிமன்றம் முடிவு கண்டது. மருந்தியல் கல்வியைப் பொறுத்தவரை ஃபார்மசிச் சட்டமே மேலோங்கும் என்பது அத்தீர்ப்பு. சட்டச் சிக்கல் தீர்ந்தது. 33 ஆண்டுகள் படிந்த மனப்பாங்கு அத்தீர்ப்பால் மட்டும் தீர்ந்துவிடக் கூடியதன்று.

5. ஐந்நூறும் நூற்றைம்பதும்

இந்தப் பிரிவினையை இரண்டு எண்களில் காணலாம்.

1991ஆம் ஆண்டின் கல்வி விதிமுறைப்படி, டி.ஃபார்ம். மாணவர் தேர்வுகளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணிநேர நடைமுறைப் பயிற்சி பெற வேண்டும். அதில் குறைந்தது 250 மணிநேரம் மருத்துவச் சீட்டுகளுக்கு உண்மையில் மருந்து வழங்குவதில் கழிய வேண்டும். 2020இன் புதிய விதிமுறையும் 500 மணிநேரத்தைத் தக்கவைத்தது. சமுதாய மருந்தகம், மருந்துச் சிகிச்சை, சமூக மருந்தியல் போன்ற பாடங்களையும் சேர்த்தது.

நான்காண்டுப் பி.ஃபார்ம். படிப்புக்கான 2014இன் விதிமுறை வேறு கதை கூறுகிறது. ஆறாம் பருவத்துக்கும் ஏழாம் பருவத்துக்கும் இடையில் மாணவர் நான்கு வாரங்களில் குறைந்தது 150 மணிநேரம் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ பணியாற்ற வேண்டும். உற்பத்திப் பிரிவு, தரக் கட்டுப்பாடு, பகுப்பாய்வுக் கூடம் முதலியவை இடங்களாகப் பட்டியலிடப்படுகின்றன; சமுதாய மருந்தகம் அவற்றுள் ஒரு தெரிவு மட்டுமே. மருந்தாளுமை நடைமுறை என்ற பாடம் ஏழாம் பருவத்தில் வருகிறது. அதற்குச் செய்முறை வகுப்பு இல்லை. அதே பருவத்தில் கருவிவழிப் பகுப்பாய்வுக்குச் செய்முறை உண்டு.

இதன் பொருள் வெளிப்படை. இரண்டாண்டு படித்தவர் நோயாளியின் முன் நிற்க வேண்டிய நேரம் விதியால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. நான்காண்டு படித்தவரோ ஒரு நோயாளிக்கும் மருந்து வழங்காமலேயே பட்டம் பெறலாம். பட்டம் பெற்ற மறுநாள் இருவரும் ஒரே பதிவேட்டில் ஒரே பெயரோடு சேர்கின்றனர். பல மாநில அரசுகளின் மருந்தாளுநர் பணியிட விதிகள் பட்டயத்தையே அடிப்படைத் தகுதியாகக் கொள்வதும், பட்டதாரிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்வதும் இந்த முரணிலிருந்து கிளைத்தவையே. ஒரு தரப்பின் கையில் அறிவின் ஆழம். மறுதரப்பின் கையில் பயிற்சியின் நேரம். இரண்டையும் ஒருவரிடமே சேர்க்க வேண்டும் என்று போர் குழுவுக்குப் பிந்தைய எந்த ஏற்பாடும் நெடுங்காலம் கருதவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கவுண்டரில் நிற்பவருக்கு நிறமாலை அளவியும் கரிம வேதியியலும் எதற்கு? அவற்றைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால் போதாதா? போதாது. டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது என்பதை மனப்பாடமாகச் சொல்லலாம். பாலிலுள்ள கால்சியம் அம்மருந்தைப் பிணைத்துக்கொள்வதால் உடல் அதை உறிஞ்ச இயலாது என்பதை அறிந்தவரே, அதே காரணத்தால் அமிலநீக்கி மாத்திரையும் கூடாது என்று தாமாகச் சொல்ல முடியும். குடலில் கரையும்படி உறையிட்ட மாத்திரையை ஏன் உடைக்கக் கூடாது, மெதுவாக மருந்தை விடுவிக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் நாள் முழுவதற்குமான அளவு எப்படி ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும், நைட்ரோகிளிசரின் மாத்திரையை ஏன் அதன் கண்ணாடிக் குப்பியை விட்டு மாற்றக் கூடாது என்பனவெல்லாம் பட்டப்படிப்பின் வகுப்பறையில் சமன்பாடுகளாகவும் வரைபடங்களாகவும் கற்பிக்கப்படுகின்றன. நோயாளிக்குத் தேவையான சொற்கள் அந்த வரைபடங்களுக்குள் உறைந்து கிடக்கின்றன. அவற்றை உருக்கி வெளியே எடுக்கும் பயிற்சிதான் இல்லை.

6. ஐந்தாம் வினை

மாற்றம் இரண்டு நகரங்களின் வழியே தொடங்கியது எனலாம். 1990களின் பிற்பகுதியில் உதகமண்டலத்திலும் மைசூருவிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள் மருந்தாளுமை நடைமுறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. மாணவர்கள் மருத்துவமனை வார்டுகளுக்குள் சென்றனர். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டைப் படித்து, மருந்துகளுக்கிடையே மோதல் உண்டா எனப் பார்த்து, மருத்துவருக்குத் தகவல் தருவது கல்வியின் பகுதியாயிற்று.

2008இல் ஃபார்ம்.டி. விதிமுறை வெளியானது. ஐந்தாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி என ஆறாண்டுகள். குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையோடு இணைப்பு இருந்தாலன்றிக் கல்லூரி அதை நடத்த முடியாது. இறுதியாண்டில் ஆறு மாதம் பொது மருத்துவத்திலும், வேறு மூன்று துறைகளில் தலா இரண்டு மாதமும் கழிய வேண்டும். இந்திய மருந்தியல் கல்வி வரலாற்றில் நோயாளி பாடத்திட்டத்தின் மையத்துக்கு வந்தது அப்போதுதான். ஆயினும் அது பழைய பட்டத்தைத் திருத்தவில்லை. பக்கத்தில் இன்னொரு பட்டத்தை நட்டது. பி.ஃபார்ம். தன் வழியில் தொடர்ந்தது.

2015இல் வெளியான மருந்தாளுமை நடைமுறை விதிமுறைகள்தான் தொழிலின் இலக்கணத்தைத் தொட்டன. மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் முறை, எத்தனை நாள், முன்னெச்சரிக்கை, பொதுவான பக்கவிளைவுகள், பாதுகாத்து வைக்கும் விதம், ஒரு வேளை தவறிவிட்டால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளியிடம் எடுத்துரைப்பது மருந்தாளுநரின் கடமையாக அங்கே எழுதப்பட்டது. 1948இன் நான்கு வினைகளோடு 67 ஆண்டுகள் கழித்து ஐந்தாவது வினை சேர்ந்தது: சொல்லுதல். இந்த வினைக்குச் செயப்படுபொருள் மட்டும் போதாது. கேட்பவர் ஒருவர் வேண்டும். தாய்ச்சட்டத்தின் விலக்கில் மருத்துவரின் நோயாளியாக மட்டும் இருந்தவர், இந்த விதிமுறையில் மருந்தாளுநரின் நோயாளியாகவும் ஆனார்.

7. எந்த மொழியில்?

சொல்லுதல் கடமையான பின், எந்த மொழியில் என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. பி.ஃபார்ம். பாடத்திட்டம் முதல் பருவத்தில் தொடர்பாடல் திறன் என்ற பாடத்தை வைத்துள்ளது. அதற்குச் செய்முறையும் உண்டு. அந்தச் செய்முறை ஆங்கில மொழிப் பயிற்சி மென்பொருளின் வழியே நடத்தப்பட வேண்டும் என்று பாடத்திட்டமே குறிப்பிடுகிறது. ஆங்கில மெய்யொலிகளும் உயிரொலிகளும் உச்சரிக்கும் முறை, நேர்காணலைக் கையாளுதல், மின்னஞ்சல் நாகரிகம், படவிளக்கம் வழங்குதல் ஆகியன அதன் அலகுகள். வேலைக்கான நேர்காணலுக்கு அவை உதவும். இரத்த அழுத்த மாத்திரையை வாங்க வந்த மூதாட்டிக்கு அவற்றுள் எதுவும் பயன்படாது. கேட்கப்படுபவராக நிறுவனம் இருக்கிறது, நோயாளி இல்லை. 42ஆம் பிரிவின் இலக்கணம் இங்கும் தொடர்கிறது.

தாய்மொழி தெரிந்தவருக்கு இதில் பயிற்சி வேண்டியதில்லை என்று கருதுவதும் பிழை. தமிழ்ப் பேச்சில் ‘நாளைக்கு ரெண்டு போடுங்க’ என்றால் நாளொன்றுக்கு இரண்டு என்றும் பொருள். மறுநாள் இரண்டு என்றும் பொருள். ‘ஒரு’ என்ற சொல் முன்னால் சேர்ந்தால் ஐயம் நீங்கும். அவசரத்தில் விழும் சொல்லும் அதுவே. ‘காலையில் ஒன்று, இரவில் ஒன்று’ என்று வேளையைப் பெயர்சொல்லிக் கூறுவது எண்ணைக் கூறுவதைவிடப் பாதுகாப்பானது. சீட்டில் மருத்துவர் எழுதும் இலத்தீன் சுருக்கக் குறிகளை விரித்துப் படிக்க முதல் பருவத்திலேயே மாணவருக்குக் கற்பிக்கின்றனர். விரித்ததை நோயாளியின் பேச்சுக்கு மாற்றும் இரண்டாவது மொழிபெயர்ப்புக்கு வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை.

நோயாளியின் மொழியில் வினா ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் முதியவர்கள் ‘பத்தியம் ஏதும் உண்டா?’ என்று கேட்பது வழக்கம். சித்த மருத்துவ மரபிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ‘இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது’ என்று விடை சொல்லி அனுப்புவதும் வழக்கமே. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு தேநீர் கூடாது. மெட்ரோனிடசோல் எடுப்பவர் மது அருந்தலாகாது. வார்ஃபரின் எடுப்பவர் கீரையின் அளவை திடீரென மாற்றக் கூடாது. உணவுக்கும் மருந்துக்கும் இடையிலான வினையாற்றங்கள் என்று பட்டப்படிப்பு கற்பிப்பதைத்தான் அந்த முதியவர் ஒரே சொல்லில் கேட்கிறார். வினாவும் விடையும் ஒரே கவுண்டரின் இருபுறமும் நிற்கின்றன. ஒன்றையொன்று அடையாளம் காணாமல் பிரிகின்றன. இந்தி, வங்காளம், மராத்தி பேசும் பகுதிகளிலும் இத்தகைய சொற்கள் இருக்கும். அவற்றைத் தொகுத்து மருந்தியல் மாணவரிடம் சேர்ப்பது மொழியியல் துறைகளும் மருந்தியல் கல்லூரிகளும் கூடிச் செய்யத்தக்க ஆய்வு.

8. எஞ்சும் பணி

மேற்கண்ட வரலாறு, பட்டப்படிப்பு தோற்றுவிட்டது என்ற தீர்ப்புக்கு இட்டுச்செல்லவில்லை. தனக்கு இடப்பட்ட பணியை அது செவ்வனே செய்தது. பொய்யான குயினைனைக் கண்டறியும் ஆளை உருவாக்கச் சொன்னார்கள், உருவாக்கியது. மருந்தை மலிவாகச் செய்யும் ஆளை உருவாக்கச் சொன்னார்கள், அதையும் உருவாக்கியது. மருந்தை உண்பவரிடம் பேசும் ஆளை உருவாக்குமாறு 2015 வரை அதனிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. சொன்ன பின்னரும், அதற்குரிய மணிநேரங்களும் செய்முறையும் மொழியும் ஒதுக்கப்படவில்லை.

அவற்றை ஒதுக்குவது புதிய பட்டத்தைக் கண்டுபிடிப்பதைவிட எளிது. பட்டயத்துக்கு இருக்கும் 500 மணிநேரம் பட்டத்துக்கும் கட்டாயமாகலாம். அதில் பாதி கவுண்டரில் கழியலாம். ஏழாம் பருவத்தின் மருந்தாளுமைப் பாடத்துக்கு ஒரு செய்முறைத் தேர்வு அமையலாம். அத்தேர்வில் மாணவர் ஒரு சீட்டைப் படித்து, எதிரில் அமர்ந்திருப்பவரிடம் அவருடைய மொழியில் விளக்கி, அவர் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்லக் கேட்டு முடிக்கலாம். தொடர்பாடல் செய்முறையில் ஆங்கிலத்தோடு மாநில மொழிக்கும் சரிபாதி இடம் அளிக்கலாம். இவற்றுள் எதற்கும் நாடாளுமன்றத்தின் திருத்தம் தேவையில்லை. விதிமுறை வகுக்கும் அதிகாரம் 1948 முதலே கவுன்சிலிடம் இருக்கிறது.

கம்பவுண்டர் குப்பியில் ஒட்டிய காகிதப் பட்டை, நோயாளிக்கு அளவைச் சொல்லும் ஓர் எளிய கருவி. மருந்து தொழிற்சாலைக்குப் போனபோது அந்தப் பட்டையும் மறைந்தது. அதன் இடத்தை ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை எடுத்துக்கொண்டது. பட்டை செய்துவந்த வேலையை இனிச் செய்ய வேண்டியவர் பட்டம் பெற்று வரும் மருந்தாளுநர். அதற்கான அறிவை இந்தியப் பல்கலைக்கழகங்கள் 1932 முதல் கொடுத்து வருகின்றன. அதைச் சொல்லக் கற்பிப்பது எப்போது தொடங்கும் என்பதே மருந்தியல் துறைகளின் முன்னும், பாடத்திட்டக் குழுக்களின் முன்னும் இன்றிருக்கும் வினா.